கேட்டுக்கு வாங்கிய நாற்காலி

செக்கிங் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. துணியை எப்படி ஓட்டுவது, இழை எங்கே அறுந்திருக்கிறது, எண்ணெய்க் கறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் மேஜையே உங்களுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். கீழே டியூப்லைட், மேலே கண்ணாடி, கண்ணாடிமேல் பனிமூட்டம் போல ஓடுகிற பேண்டேஜ் துணி. ஒரு மழைக்காலம் நின்றால் கண் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது என் இடது காலைப் பற்றி.

ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற ரோட்டில் நம் கம்பெனி இருக்கிறது. அங்கே நான் செக்கிங்குக்கு சூப்பர்வைசராக இருந்தேன். ஓரிடத்தில் நிற்காத ஆள். தறிக்கொட்டகைக்கும் மேஜைக்கும் வெளுத்த துணி காய்கிற இடத்துக்குமாக அலைந்துகொண்டே இருப்பேன். "ராணி செருப்பு தேயிற வேகத்துக்குத் தறி நெஞ்சா, மொதலாளி சீமைக்கே பேண்டேஜ் குடுத்துருவாரு" என்பாள் பேச்சியம்மாள். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் சூப்பர்வைசர் ஆன பிறகும் அவள் என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவாள். அதில் எனக்குக் குறை இல்லை.

அப்போது நம் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. மேஜையில் வேலை பார்க்கிற யாரும் உட்காரக் கூடாது. பெரிய முதலாளி காலத்தில் நெஞ்சு உயரத்துக்குப் போட்ட மேஜை அது. உட்கார்ந்தால் கண் தூங்கிவிடும் என்பது அவர் எண்ணம். ஸ்டூல் என்ற ஒன்று அந்த அறைக்குள் நுழைந்ததே இல்லை. நாங்கள் மரங்களைப் போல நின்றோம். சாயங்காலம் வேரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

ஒரு நாள் தள்ளுவண்டியிலிருந்து, பெரிய பொதியாகக் கட்டிய துணிப் பேல் ஒன்று சரிந்து என் பாதத்தில் விழுந்தது. சின்ன முறிவுதான். மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டும். கட்டைப் பிரித்த பிறகுதான் கால் தன் கதையைத் தொடங்கியது. தரையில் வைத்தால் தரை சுட்டது. சேலைக் கரை உரசினால் சீப்பின் பல்லால் கீறுவது போல இருந்தது. ஃபேன் காற்றுக்குக்கூட நகம் முளைத்திருந்தது. காலையில் ஒல்லியாக எழுந்த பாதம் மத்தியானத்துக்குமேல் உப்பும்; தோல் பளபளக்கும்; சாயங்காலம் நாவல்பழ நிறத்தில் யாரோ ஒருத்தியின் காலை நான் தூக்கிக்கொண்டு வீடு போவேன்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "எலும்பு கூடிருச்சு. ரத்தக்கட்டும் இல்ல. நரம்புதான் இன்னும் அடிபட்டுக்கிட்டே இருக்கதா நெனச்சுக்கிட்டு இருக்கு. நாள்பட்ட நரம்பு வலிம்மா இது. கொறையும், ஆனா மெல்லத்தான் கொறையும். அதுவரைக்கும் காலச் சும்மா போட்டு வச்சிராதீங்க" என்றார்.

சின்ன முதலாளி நல்ல மனுசர். நான் நொண்டிக்கொண்டு வந்த முதல் நாளே கேட் பக்கத்தில், தகரக் கொட்டகை நிழலில், நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது.

"ராணிம்மா, இனி மேஜையில நின்னு கஷ்டப்பட வேண்டாம். கேட்ல உக்காந்து உள்ள வார வண்டி நம்பர எழுதுனாப் போதும். அதே சம்பளந்தான்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ அந்த நாற்காலி என் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தது போல இருந்தது. இழைக்கும் இழைக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தைப் படிக்கப் பழகிய கண் இது. லாரி நம்பரைப் படிக்கவா?

"ஐப்பசியில சரக்கு வாங்குற பையர் வருவாருல்லா. அதுவரைக்கும் மேஜையில விட்டுப் பாருங்க மொதலாளி" என்றேன்.

யோசித்தார். "சரி. அன்னைக்கு வேலையக் கொறயில்லாமப் பாத்துட்டா மேஜ. இல்லன்னா இந்த நாற்காலி. மனசு வருத்தப்படக் கூடாது."

பேச்சு அப்படி முடிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த நீல நாற்காலியைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகூட என்னைக் கண்டு இடம் விட்டுப் பறப்பது போலத் தோன்றும்.

இனி நாங்கள் செய்த தப்பைக் கேளுங்கள். நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. கால் வீங்குகிறது என்றதும் செக்‌ஷனே கூடிவிட்டது. பேண்டேஜ் துணி செய்கிறவர்களுக்குக் கால் கட்டத் தெரியாதா? பேச்சியம்மாள் என் காலை மடியில் வைத்துக்கொண்டாள். நம் மேஜையில் ரோலுக்கு என்ன விதி? தொட்டால் கல் போல இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்த ரோலைத் தள்ளிவிடுவோம். அந்த விதிப்படியே என் காலையும் சுற்றினாள். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி இழுக்க, இன்னொருத்தி விரலால் அழுத்திப் பார்த்து "இன்னும் செத்த இறுக்குங்கக்கா, இது பாஸாகாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்; நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். சுற்று முடிந்ததும் என் கால் அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பலாம் போல அழகாக இருந்தது.

மத்தியானத்துக்குள் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் தக்காளிப் பழங்களாகிவிட்டன. கட்டுக்குள்ளே நெருப்பு உருண்டது. நல்ல கட்டுத்தானே, வலி அடங்கட்டும் என்று ராத்திரியும் அவிழ்க்காமல் பொறுத்தேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். டாக்டர் எழுதிக்கொடுத்த பிசியோதெரபி இடம் ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், அதுவும் மாடியில் இருந்தது. ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டு ஏறினேன். உள்ளே இருந்தவர் என்னைவிட எவ்வளவோ சின்னவர்.

"கால் நோவுக்காரங்களுக்கு வைத்தியத்த மாடியில வச்சிருக்கீகளே தம்பி, நல்லா இருக்கா?"

"ஏறி வந்துட்டீங்கல்ல. பாதி வைத்தியம் முடிஞ்சதுக்கா. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

கட்டைக் கண்டதும் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "யாரு கட்டுனது?"

"எங்க செக்‌ஷன்ல."

"பிரமாதமா இருக்கு. ஏத்துமதியே பண்ணலாம். உள்ள கால் மட்டும் இருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்தார். தோலில் துணியின் கட்டம் கட்டமான தடம் அச்சாகியிருந்தது. நான் அன்றாடம் மேஜையில் பார்க்கும் அதே தடம். "இது ரோல் இல்லக்கா. உசுரு ஓடுற கால். இந்த நோவுல கட்டுனா எல்லாருக்கும் ஒத்துக்கிடாது. அப்படியே கட்டுனாலும் நான் சொல்ற அளவுலதான் கட்டணும்."

பிறகு என் மெட்டியைப் பார்த்தார். வீங்கிய விரலுக்குள் வெள்ளி புதைந்து கிடந்தது. "மொதல்ல இதக் கழத்தணும்."

கழுத்து நிறையத் தாலியோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. அவிய, என் வீட்டுக்காரர், அப்போது லாரியில் ஆலங்குளத்துப் பக்கம் சிமெண்டு ஏற்றப் போயிருந்தார். போன் போட்டேன்.

"மெட்டியக் கழத்தச் சொல்லுதாரு. என்ன செய்ய?"

"கழத்து."

"செக்‌ஷன்ல ஏதாச்சும் சொல்லுவாளுகளே."

"சொல்லுறவளுக காலு வீங்கயில அவளுக மாட்டிக்கிடட்டும். நீ கழத்துட்டி. நான் இங்க உசுரோடதான் இருக்கேன், லோடு ஏறிக்கிட்டு இருக்கு" என்று வைத்துவிட்டார்.

சோப்புத் தண்ணீர் போட்டு உருவியபோது விரல் பெருமூச்சு விட்டது. அன்றிலிருந்து வலது காலில் மட்டும் மெட்டி. கேட்டவளுக்கெல்லாம் "இன்னொண்ணு லீவுல போயிருக்கு" என்றேன்.

அந்தப் பிசியோ தம்பிதான் எனக்கு வேலை சொல்லித் தந்தவர் என்று இன்று நினைக்கிறேன், அவருக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றாலும். வீட்டிலிருந்து விதவிதமான துணி கொண்டுவாருங்கள், அதால் காலைத் தொட்டுப் பழக்க வேண்டும் என்றார். துணிக்கா பஞ்சம்? வெளுத்த மெல்லிய பேண்டேஜ், கஞ்சி போகாத முரட்டுத் தறித்துணி, பழைய சேலை, துவாலை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போனேன். பஞ்சு போன்றதில் தொடங்கி முரட்டுத் துணிக்கு வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முதல் துணியைக் காலில் வைத்தேன். கை சொன்னது, வெளுத்த துணி, நல்ல நூல். கால் சொன்னது, கருவேல முள். என் உடம்புக்குள்ளேயே இரண்டு செக்கர்கள். ஒருத்தி பாஸ் என்கிறாள், ஒருத்தி தள்ளு என்கிறாள். யாரை நம்ப?

பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எதுக்கு இம்புட்டு வீரம்? கால் கத்துற வரைக்கும் தேய்க்கக் கூடாதுக்கா. கத்தப் போகுதுன்னு தெரியும்ல, அதுக்கு முந்தியே விட்டுறணும். நாளைக்குத் தொடணும்ல. அதுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க."

வீக்கத்துக்கும் அதே பேச்சுத்தான். கால் கனக்கத் தொடங்கும்போதே தூக்கி வைக்க வேண்டும், விரலை அசைக்க வேண்டும், பிறகு இறங்கி நடக்க வேண்டும். ஒரேயடியாக நிற்பதும் தப்பு, ஒரேயடியாகப் படுப்பதும் தப்பு. கனத்த பிறகு தூக்கினால் அது இறங்கப் பொழுது போய்விடும். கேட்கச் சுலபமாக இருந்தது. ஆனால் நான் வளர்ந்த தொழிலில் முடியாமல் போகும்போதுதான் நிறுத்துவோம். முடியும்போதே நிறுத்துவது சோம்பேறித்தனம். அந்த எண்ணத்தைக் கழற்றுவதற்கு மெட்டியைக் கழற்றுவதைவிட நாளானது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. அன்று என்ன கிழமை என்பதை மறந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் போகிற கூட்டம், பஸ் முழுக்க கோவிந்தா. துளசி மணம், வேர்வை மணம், கம்பியில் தொங்குகிற கைகள். என் காலோ சேலைக்குள் ஒளிந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு நான் திடகாத்திரமான பொம்பளை. சொல்ல வாய் வரவில்லை. மம்சாபுரம் விலக்கில் பஸ் குலுங்கியபோது பக்கத்தில் நின்ற பெரியவர் என் பாதத்தில் முழுசாக மிதித்தார். கோவிந்தா சத்தத்தைத் தாண்டி என் சத்தம் கேட்டது. பஸ்ஸே நின்றுவிட்டது.

நரம்பு நோவு என்று அழுதுகொண்டே சொன்னேன். பெரியவருக்கு என்னைவிட நடுக்கம். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்தார்.

"ஏறயிலயே இத ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா? எல்லாத்தையும் தள்ளி நிக்கச் சொல்லியிருப்பேன்ல. மிதிச்ச பொறவு சொல்லுறீக. பாவம் அவரு என்ன செய்வாரு, மிதிச்சதத் திருப்பி எடுக்கவா முடியும்?"

ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். அந்தப் பெரியவர் தேங்காய்ப் பையைத் தோளிலிருந்து இறக்கி, என் காலைச் சுற்றி வேலி போல வைத்துவிட்டு, ஊர் வரும்வரை அதற்குக் காவல் நின்றார். யாராவது அசைந்தால் "ஏலே, பாத்து" என்பார். சாமிக்குப் போகிற தேங்காய்கள் என் காலைக் காத்தன. அவமானம் என்று நான் பயந்த வார்த்தையைச் சொன்னதும் அதற்கு ஓர் இடமும் ஒரு வேலியும் கிடைத்துவிட்டன. முன்னமே சொல்லியிருந்தால் மிதியும் மிச்சம்.

ஐப்பசி வந்தது. பையர் கம்பெனி ஆள் வந்தார். ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற சரக்கு. அவர் பார்த்துச் சரி சொன்னால்தான் வண்டி கிளம்பும். அதிகம் பேசாத மனுசர், மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் வருகிற நாளில் சூப்பர்வைசரே மேஜையில் நின்று துணி பார்க்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். காலையில் வருவார் என்று காலை நன்றாகத் தூக்கி வைத்திருந்து, தயாராக இருந்தேன். அவர் வந்தது சாப்பாட்டுக்குப் பிறகு. என் கால் உப்புகிற நேரம்.

ரோல் ரோலாக ஓட்டினோம். ஒரு பக்கம் பேச்சியம்மாள் இழுக்கிறாள், நடுவில் நான், எதிரில் அவர், அவருக்குப் பின்னால் சின்ன முதலாளி. முதலில் பாதம் கனத்தது. தூக்கி வைக்க வேண்டிய நேரம் அதுதான். தெரியும். ஆனால் எங்கே தூக்கி வைக்க? நிற்க முடியுமா என்று பார்க்கத்தானே இத்தனை பேரும் நிற்கிறார்கள். செருப்பு வார் தோலைக் கவ்வியது. குதிகாலில் அடுப்பு மூண்டது. நான் சிரித்த முகத்தோடு துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது ஒன்று உறைத்தது. கடைசியாக ஓடிய துணியை நான் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, துணி அதன்முன் போனது, ஆனால் நான் அங்கே இல்லை. நான் முழுசாகக் குதிகாலில் இருந்தேன். வலி என் காலை எடுத்துக்கொண்டது போதாது என்று கண்ணையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

தங்கச்சிகளா, அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் நான் ஜெயித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தால் மேஜை எனக்கு. வாயைத் திறந்தால் நீல நாற்காலி. ஆனால் பார்க்காத துணியைப் பார்த்தேன் என்று அனுப்புகிறவளுக்கு எதற்கு மேஜை? யாரோ ஒருத்தரின் புண்மேல் போய் உட்காரப் போகிற துணி. புண் என்றால் என்ன என்று என் கால் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"நிறுத்துட்டி பேச்சி" என்றேன்.

துணி நின்றது. பையர் நிமிர்ந்தார்.

"சார், கடைசியா ஓடுனத நான் பாக்கல. எனக்குக் கால்ல நரம்பு நோவு. தூக்கி வைக்காட்டி கண்ணு நிக்காது. தூக்கி வச்சுக்கிட்டு, ஓடுனதத் திருப்பி ஓட்டிப் பாக்கணும்."

பக்கத்துக் கொட்டகைத் தறிகள் தம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. யார் பதிலுக்கும் நான் காத்திருக்கவில்லை. மூலையில் கிடந்த பேல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்லி, மேஜை உயரத்துக்கு ஏறி உட்கார்ந்தேன். எதிரில் இன்னொரு அடுக்கு. அதன்மேல் காலை நீட்டினேன், மெட்டியில்லாத விரல்களை அசைத்தேன். அந்த அறையில் முதன்முதலாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அதுவும் யானைமேல் அம்பாரி போல.

பையர் முதலாளியைப் பார்த்தார். "இவங்களுக்கு என்ன?"

முதலாளி வாய் திறப்பதற்குள் பேச்சியம்மாள் சொன்னாள்: "கால் நோவு சார். கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

செத்த நேரம் போனது. கொதிப்பு ஒரு படி இறங்கியது. முழுக்க இறங்கவில்லை; இன்றுவரை முழுக்க இறங்கியதில்லை. கண் திரும்பி வரும் அளவுக்கு இறங்கியது, அது போதும். திருப்பி ஓட்டச் சொன்னேன். நான் பார்க்காமல் விட்ட அந்த நீளத்தில், நடுவாக, இழைகள் விட்டுப்போய் ஒரு சன்னல் திறந்து கிடந்தது. டியூப்லைட் வெளிச்சம் அதன் வழியே நேராக என் முகத்தில் அடித்தது. விரலை வைத்தேன்.

"இது தள்ளு."

பையர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "இது என் கண்ணுலயும் படல" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "இந்த ரோல எடுத்து வச்சிருங்க. மிச்சத்தையும் இவங்களே பாக்கட்டும். இப்படியே பாக்கட்டும்."

பொழுது சாய்கிற வரை பார்த்தோம். நடுநடுவே இறங்கி நடந்தேன், ஏறி நீட்டினேன். அவர் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டார். வண்டி கிளம்பியது.

சின்ன முதலாளி கேட் வரை போய்ப் பையரை வழியனுப்பிவிட்டு வந்து, அறை வாசலில் நின்று, பேல் அடுக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போய்விட்டார். சரி, நாற்காலிதான் என்று நான் டிபன்பாக்ஸை எடுத்து வைத்தேன். பேச்சியம்மாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேஜைக் கண்ணாடியைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

மறுநாள் காலை கேட்டில் நுழைந்தபோது தகரக் கொட்டகை காலியாக இருந்தது. உள்ளே போனால், செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் தச்சர் ஒரு பலகை மேடை அடித்துக்கொண்டிருந்தார். அதன்மேல் அந்த நீல நாற்காலி. முன்னால் கால் வைக்க ஒரு சாய்பலகை. முதலாளி ஆணிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுக்கு வேற ஆளத்தான் பாக்கணும் போல" என்றார்.

"ஆளு கெடைச்சிரும் மொதலாளி" என்றாள் பேச்சியம்மாள். "நாற்காலிதான் புதுசா வாங்கணும்."

அதில்தான் பல வருஷம் உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். போன தையில் நானாகச் சொல்லித்தான் விலகினேன். கால் என்னை விலக்கவில்லை. இப்போதும் மத்தியானம் அது உப்பும், நான் தூக்கி வைப்பேன், எங்களுக்குள் ஓர் உடன்பாடு.

அந்த நாற்காலியில் யார் உட்கார்வது என்று உங்களுக்குள் கூச்சம், அதனால் அதில் டிபன்பாக்ஸ் அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று பேச்சியம்மாள் போனில் சொன்னாள். டிபன்பாக்ஸை எடுத்துக் கீழே வையுங்கள். கால் கனக்கத் தொடங்கியதும், யாருக்கானாலும், போய் உட்காருங்கள். எதற்கு என்று கேட்டால் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு ஓடிப்போன துணியைத் திருப்பி ஓட்டுங்கள்.